சீசன் கூட்டமும் சினைத் திருக்கையும்

நான் வேலை பார்த்த மீன் காட்சியகத்தில் இப்போது தொட்டித் தண்ணீருக்குள் ஒரு கம்பியைத் தொங்கவிட்டிருக்கிறார்களாம். தண்ணீரில் காற்று குறைந்தால் கைபேசியில் மணி அடிக்குமாம். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த பெண் போன வாரம் போனில் சொன்னாள். இதெல்லாம் இல்லாமல் நீங்கள் எப்படித்தான் திருக்கை வளர்த்தீர்களோ என்று ஆச்சரியப்பட்டாள். வளர்த்தோம் அம்மா, நன்றாகவே வளர்த்தோம். உனக்கு மணி அடிக்கிறது, எனக்கு மீனே சொல்லும். இதில் கொஞ்சம் பெருமை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவளுக்குப் பெருமை அடித்துக்கொள்ளவும் உரிமை இல்லையென்றால் அப்புறம் எதற்கு ஓய்வு?

என் பெயர் சண்முகத்தாய். ஆய்க்குடிக்காரி. வயலையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த எங்கள் குடும்பத்தில் கடல் மீன் என்பது ஐஸ் பெட்டியில் டெம்போ ஏறி வந்து, தெருமுனையில் இறங்கி, மத்தியானத்துக்குள் குழம்பாகிவிடுகிற பொருள். அதை உயிரோடு பார்த்தவர்கள் வீட்டில் யாரும் கிடையாது. விலங்கியல் படித்துவிட்டுத் தூத்துக்குடிக்கு மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனேன். அங்கே கற்றதையெல்லாம் எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆழமில்லாத கடலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்கக் கூடாது, மணலில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வை உணர்ந்து விலகிப் போய்விடும். தூக்கி வைத்தால் அதன் முதுகில் மிதிப்போம், அது வாலைச் சுழற்றி முள்ளை ஏற்றிவிடும். இன்றைக்கும் குளத்தில் இறங்கினால் காலைத் தேய்த்துத்தான் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்கு முட்டுவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

பயிற்சி முடிந்ததும் குற்றாலத்தில் வேலை கிடைத்தது. உள்ளூர் வியாபாரிகள் சிலர் அறக்கட்டளை அமைத்து மீன் காட்சியகம் ஒன்றை நடத்திவந்தார்கள். அருவிக்கு வந்தவர்கள் மழைக்கு ஒதுங்க ஓர் இடம், பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. நன்னீர் மீன்களுக்கு ஒரு கூடம், கடல் மீன்களுக்கு ஒரு கூடம். இரண்டாவது கூடம் என் பொறுப்பு. மலையடிவாரத்தில் கடல் மீன் என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு போட்டது.

கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் வேண்டும். சுடலை அண்ணாச்சி என்பவர் தூத்துக்குடியிலிருந்து டேங்கர் லாரியில் கொண்டுவருவார். திருநெல்வேலி தாண்டி பாவூர்சத்திரம் வரும்போது காய்கறி மார்க்கெட் வண்டிகளுக்குள் லாரி மாட்டிக்கொள்ளும். ஒருமுறை நானும் லாரியில் இருந்தேன். என்ன தண்ணீர் என்று மூட்டை தூக்குகிற ஒருவர் கேட்க, கடல் தண்ணீர், குற்றாலத்துக்குப் போகிறது என்று அண்ணாச்சி சொன்னார். அவர் நம்பவில்லை. பின்னால் போய்க் குழாயைத் திருகி ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "மெய்யாவே உப்புத்தாம்லே. தண்ணி கொட்டுத ஊருக்குத் தண்ணி கொண்டு போறீயளே, கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு?" மார்க்கெட்டே சிரித்தது. அண்ணாச்சி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

எங்கள் மேலாளர் ராஜமணி சார். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், மீன்வளம் படித்தவர். காலையில் வந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இரண்டு கூடத்தையும் ஒரு சுற்று வருவார். எந்தத் தொட்டி கசிகிறது என்று தரையின் ஈரம் பாதத்துக்குச் சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் நிற்பார். அந்த நேரத்தில் நாம் வணக்கம் சொன்னாலும் காதில் விழாது. மீன்களைப் பார்த்து முடித்த பிறகுதான் மனிதர்களுக்கு முறை வரும். நேரடியாக 'முடியாது' என்று யாரிடமும் சொல்ல மாட்டார். "யோசிப்போம்" என்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால் நடக்கவே நடக்காது என்று அர்த்தம். துடைக்காமல் சொன்னால் அடுத்த மாதம் நடக்கலாம். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு வடிகட்டிப் பஞ்சு மாற்றுவதற்கு ஒரு மனிதர் எத்தனை நாள் யோசிப்பார்! முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அதற்கும் யோசிப்போம் என்றார்.

இந்த மனிதர் யோசித்து யோசித்துச் செய்த ஒரு காரியம்தான் திறந்த தொட்டி. முன்பெல்லாம் திருக்கைகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தோம். திருக்கை தரையோடு வாழ்கிற மீன். இரண்டு பக்கச் சிறகையும் படபடவென்று அடித்து மணலைக் கிளப்பித் தன்மேலேயே போர்த்திக்கொண்டு படுத்துவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் மணல்தான் தெரியும். காலித் தொட்டியைக் காட்டிக் காசு வாங்குகிறீர்களா என்று டிக்கெட் கவுண்டரில் இருக்கும் முத்துலட்சுமியிடம் தினமும் யாராவது சண்டைக்கு வருவார்கள். அவளும் சளைத்தவள் அல்ல. கடலுக்குள் போய்த் தேடினாலும் உங்களுக்கு அது தெரியாது என்று திருப்பிக் கொடுப்பாள்.

அதனால் சார் இடுப்பு உயரத்தில் சுவர் கட்டி, அகலமாக, ஆழம் குறைவாக ஒரு சிமெண்டுத் தொட்டி அமைத்தார். மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மணலுக்கு வெளியே இரண்டு கண்கள் துருத்திக்கொண்டு தெரியும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் திறந்து மூடும். திருக்கைக்கு வாய் அடிவயிற்றுப் பக்கம் இருக்கிறது. மணலில் படுத்துக்கொண்டு அந்த வாயால் தண்ணீர் இழுத்தால் மணலும் சேர்ந்து உள்ளே போகும். அதனால் மேலே உள்ள துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து, அடியில் உள்ள செவுள் பிளவுகள் வழியாக விடும். சும்மா கிடக்கும்போது அந்தத் துளைகள் நிதானமாக, சீராகத் திறந்து மூடும். என் வேலையில் பாதி அந்தத் துளைகளைப் பார்ப்பதுதான். ஆபத்தில்லாமல் இருக்க வால் முள்ளின் நுனியை நகம் வெட்டுவதுபோல வெட்டிவிடுவோம், அது திரும்ப வளரும். தண்ணீரை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கலாம், மீனைத் தொடக் கூடாது. இதுதான் விதி.

அந்தத் தொட்டியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தன. இரண்டும் உடம்பெல்லாம் நீலப் புள்ளி போட்ட திருக்கைகள். பெண் பெரியது, சாப்பாட்டுத் தட்டை விட அகலம். நாங்கள் அவளைப் பெரியவள் என்றுதான் சொல்வோம். வந்து இறங்கிய அன்றே அவள் சிறகின் ஓரத்தில் பல் தடங்கள் இருப்பதை சார் காட்டினார். சேரும்போது ஆண் திருக்கை பெண்ணின் சிறகைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கடி புதிது. போகப் போக அவள் முதுகின் பின்பாதி இரண்டு பக்கமும் மேடிட்டது. இறால் வைத்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டாள். கேட்டாள் என்றால், இடுக்கியில் இறாலைப் பிடித்து மணலில் வைப்பேன். தன் வாய்க்கு அடியில் இருப்பதை அவளால் பார்க்க முடியாது. வாசனையாலும், இரையின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தைத் தோலால் உணர்ந்தும் கண்டுபிடித்து, அதன்மேல் படுத்து உறிஞ்சிவிடுவாள். தின்று முடித்ததும் என் கைப்பக்கமாகவே வந்து நிற்பாள். சினையாக இருக்கிறாள் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. திருக்கை முட்டையிடுகிற சாதி இல்லை. குட்டிகளை வயிற்றுக்குள்ளேயே வளர்த்து, பால் போன்ற ஒரு சத்துநீரை ஊட்டி, முழுசாகப் பெற்றுப்போடும்.

இந்த நேரம் பார்த்து அறக்கட்டளைக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. டேங்கர் செலவு கட்டுப்படியாகவில்லை, கடல் கூடத்தை எடுத்துவிட்டுப் பேய் வீடு வைத்தால் சீசனில் கூட்டம் அள்ளும் என்றார்கள். இருட்டறையில் எலும்புக்கூடு தொங்கவிட்டு அலறல் சத்தம் போடுவார்களே, அதுதான். நான் கொதித்துப் போனேன். ராஜமணி சார் கண்ணாடியைத் துடைக்காமல், சினைத் திருக்கை ஒன்று இருக்கிறது, மலையடிவாரத்தில் அது குட்டி போட்டால் தமிழ்நாடே திரும்பிப் பார்க்கும், இந்த ஒரு சீசன் பொறுங்கள் என்று கேட்டுவந்தார். பொறுக்கிறோம், குட்டி போட்டுப் பிழைத்தால் கூடம் இருக்கட்டும், செத்தால் பேய் வீடு என்று சொல்லி அனுப்பினார்களாம். ஆக, என் கூடமும் அதிலிருந்த அத்தனை மீனும் பெரியவளின் வயிற்றில் இருந்தன.

சீசன் வந்தது. சாரல் அடித்தால் தண்ணீர் குளிர்ந்துவிடும், சூடேற்றும் கம்பிகளைப் போட்டு வைத்தேன். வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிப் போவதால் தினமும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைச் சரிக்கட்டுவோம். சாரலில் ஆவியாவது குறைவு, பழக்கதோஷத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் கடல் தண்ணீர் குடிதண்ணீர் ஆகிவிடும். அதையும் நிறுத்தினேன். பிள்ளைகள் பஜ்ஜியும் பாப்கார்னும் போடாமல் பார்த்துக்கொள்ள ஆள் நிறுத்தினோம். எல்லாவற்றையும் யோசித்தாயிற்று என்று நானும் சாரும் நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருவிகளில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. காட்சியகத்தில் எள் போட இடமில்லை. முற்பகலில் திறந்த தொட்டிப் பக்கமிருந்து ஒரே ஆரவாரம். திருக்கை ஆடுகிறது, திருக்கை ஆடுகிறது என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஓடிப் பார்த்தேன். பெரியவள் மணலை விட்டு வெளியே வந்து, சுவரோரமாகச் செங்குத்தாக நின்று, மூக்கைத் தண்ணீருக்கு மேலே நீட்டிச் சிறகை அடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பக்கம் வெள்ளையாகத் தெரிய, அந்த வாய் சிரிப்பதுபோல இருக்கும். ஜனங்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். நான் அவள் துளைகளைப் பார்த்தேன். அவை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. சாரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன்.

சாரும் வந்துவிட்டார். உப்பு பார்த்தோம், சரி. சூடு சரி. கழிவு நஞ்சு இருக்கிறதா என்று மருந்து விட்டுப் பார்த்தோம், இல்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வலி கண்டுட்டுன்னு நெனைக்கேன் தாயி. கூட்டத்த ஒண்ணும் செய்யாண்டாம், ஒதுங்கி நிப்போம்" என்றார்.

எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் பட்டது. அந்தச் சமயம் தொட்டியின் இன்னொரு மூலையில் ஆண் திருக்கை தலையை வெளியே நீட்டியது. அதுவும் அதே மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு அடித்தது.

"சார், அங்கன பாருங்க. ஆம்பளைக்குமா பிரசவ வலி?"

அவர் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. விறுவிறுவென்று வடிகட்டிப் பக்கம் போய்ப் பஞ்சை உருவினார். கறுத்து, பிசுபிசுவென்று, பிழிந்தால் தண்ணீர் இறங்காமல் வழுக்கியது. தொட்டிக்குத் தண்ணீர் திரும்பி வருகிற குழாயில் வரத்து பாதிகூட இல்லை. அடைத்தது எது என்று புரியாமல் நான் தொட்டியையே பார்த்தேன். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தண்ணீரின் மேல் வானவில் படர்ந்திருந்தது. விரலை வைத்து எடுத்து மூக்கில் வைத்தேன். மூலிகை எண்ணெய். மசாஜ் எண்ணெய்!

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போவார்கள். தேய்த்துவிடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணெய் ஊறட்டும் என்று ஊறுகிற நேரத்துக்கு எங்கள் காட்சியகத்துக்குள் வந்துவிடுவார்கள். குளித்துவிட்டு வருகிறவர்கள் உடம்பிலும் பாதி எண்ணெய் அப்படியே இருக்கும். இந்த ஊரில் பஸ் கம்பியில் எண்ணெய், கடை நாற்காலியில் எண்ணெய், ரூபாய் நோட்டில்கூட எண்ணெய். தினமும் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. திறந்த தொட்டி கட்டியது சீசன் இல்லாத மாதங்களில், அப்போது எண்ணெய்க் கை ஒன்றுகூட வரவில்லை. இப்போது ஆயிரம் விரல்கள் ஆசையாகத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, தொட்டியின் மேல் மூடி போட்டதுபோல எண்ணெய் படர்ந்து, காற்று உள்ளே இறங்க வழியில்லாமல் செய்துவிட்டது.

கூடத்தைச் சாத்த வேண்டும், சீசன் ஞாயிற்றுக்கிழமை. உள்ளே நிற்கிறவர்கள் எல்லோரும் டிக்கெட் எடுத்தவர்கள், வெளியே வரிசை தெரு வரைக்கும் நிற்கிறது. நான் சாரைப் பார்த்தேன். யோசிப்போம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே அவரைத் திட்டியிருப்பேன், வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது.

"கதவச் சாத்து" என்றார். யோசிக்கவே இல்லை.

முத்துலட்சுமி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்த கூட்டம் சத்தம் போட்டது. ராஜமணி சார் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது, அன்றும் உயர்த்தவில்லை. அவர் மெதுவாகப் பேசியதைக் கேட்பதற்காகவே கூட்டம் அமைதியானது. "இவ சினையா இருக்கா. ஒங்க கையில இருக்க எண்ணெ இவளுக்கு மூச்சு முட்ட வைக்குது. தெரியாமத்தான் நடந்துட்டு, யாரையும் குத்தம் சொல்லல. இனி ஒரு விரலு தண்ணில படக் கூடாது. படலன்னா இவ பொழைப்பா." அவ்வளவுதான் பேசினார். முன்வரிசையில் நின்றவர்கள் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது என் வேலை. தண்ணீர் வரும் குழாயைத் தூக்கிக் கட்டி, உயரத்திலிருந்து விழச் செய்தேன். மேல்படலம் கொஞ்சம் உடையும். சுடலை அண்ணாச்சி முந்தின நாள் கொண்டுவந்த கடல் தண்ணீர் தரைத்தொட்டியில் இருந்தது, ஊர் திரும்பாமல் தங்கியிருந்த அவரே மோட்டாரைப் போட்டு அதை ஏற்றத் தொடங்கினார். ஆனால் மேலே கிடக்கும் எண்ணெயை எடுக்காமல் எதைச் செய்தும் பயனில்லை. அதற்கு ஒரே வழி, பருத்தித் துணியைத் தண்ணீரின் மேல் பாய் விரிக்கிறமாதிரி விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இழுத்து, தூக்கி எடுப்பது. பருத்தி எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். எதிர்க்கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டுப் புதுத் துண்டுகள் ஒரு கட்டு கொடுத்துவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் புதுத் துண்டில் கஞ்சி இருக்கும். கஞ்சி தண்ணீரில் கரைந்தால் நோயாளிக்கு விஷத்தை மருந்தென்று கொடுத்த கதையாகிவிடும்.

பழைய வேட்டி வேண்டும், பல தடவை துவைத்தது, எண்ணெய் படாதது, யாரிடமாவது இருக்கிறதா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்.  பிறகு பின்னாலிருந்து ஒரு பெரிய உடம்புக்காரர், மேலெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, முண்டியடித்து வந்தார். சற்று முன்பு டிக்கெட்டுக்கு என்ன பதில் என்று எல்லோரையும் விட அதிகமாகச் சத்தம் போட்டவர் அவர்தான். மனைவி கையிலிருந்த பையைக் காட்டினார்.

"குளிச்சுட்டு உடுத்தக் கொண்டாந்தேன் தாயி. உடுத்தி உடுத்தி நூலா கெடக்கு, கஞ்சி கிஞ்சி ஒண்ணும் கெடையாது. நான் தொட மாட்டேன், நீங்களே எடுத்துக்கிடுங்க."

அவர் கொடுத்ததுதான் தாமதம், பைகள் திறந்தன. வேட்டிகள், பழைய சேலை ஒன்று, குழந்தைக்கு விரிக்கிற துணிகள். எண்ணெய் படாத கைகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கினாள் முத்துலட்சுமி. நானும் சாரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரித்தோம், இழுத்தோம், தூக்கி வெளியே போட்டோம். அடுத்த வேட்டி. அடுத்தது. மூன்றாவதற்குப் பிறகு வானவில் திட்டுத்திட்டாக உடைந்தது. பெரியவள் இன்னும் சுவரோரம் அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கடி தளர்ந்து கீழே போவாள், மறுபடி மேலே வருவாள். உள்ளுக்குள் அவளைக் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று. சார் சட்டை முழுக்க நனைந்து, கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்திருந்தது, ஏற்றிவிட அவருக்குக் கை இல்லை.

தண்ணீர் தெளிந்தது. புதுத் தண்ணீர் ஒரு பக்கம் ஏற, பழைய தண்ணீர் மேல்விளிம்பில் வழிந்து வெளியேறியது. முதலில் ஆண் திருக்கை கீழே இறங்கியது. பிறகு பெரியவள் சுவரை விட்டாள். தொட்டியின் நடுவில் ஒரு வட்டம் வந்தாள். அவள் துளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படபடப்பு குறைந்து, இடைவெளி விட்டு, கடைசியில் நிதானமாக, சீராகத் திறந்து மூடின. அவள் தரையில் இறங்கிச் சிறகை அடித்தாள். மணல் கிளம்பி, மங்கி, படிந்தது. ஆளைக் காணோம். தொட்டி காலியாகத் தெரிந்தது.

கூட்டம் கைதட்டியது! காலித் தொட்டியைப் பார்த்து ஜனங்கள் கைதட்டியதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். பெரிய உடம்புக்காரர் தன் எண்ணெய் வேட்டியை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு அருவிக்குப் போனார். குளித்துவிட்டு எதை உடுத்தினாரோ.

மறுநாள் முதல் வாசலில் குழாயும் சீயக்காய்த் தூளும் வைத்தோம். தேய்த்துக் கழுவினால்தான் உள்ளே. முத்துலட்சுமி ஒவ்வொரு கையையும் திருப்பிப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் மோந்தும் பார்ப்பாள். கார் வைத்திருந்த ஒருவர், என்னிடமே கையைக் காட்டச் சொல்கிறாயா என்று எகிறினார். திருக்கைக்குக் காரெல்லாம் தெரியாது, கையைத்தான் தெரியும் என்று சொல்லி சீயக்காயை நீட்டினாள். போகப் போகக் கை கழுவுவதே பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையாகிவிட்டது. தொட்டியைத் திறந்தே வைத்தோம், ஒரு நாள்கூட எண்ணெய் படரவில்லை.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. அப்படி மூச்சு முட்டியவள் வயிற்றில் குட்டிகள் உயிரோடு இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? சாரிடம் கேட்டேன். எனக்கும் தெரியவில்லை தாயி, என்று சொன்னார். அவர் வாயிலிருந்து யோசிப்போம் வராதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாரல் சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை, கதவு திறக்கும் முன்னால், தீனி போடப் போனேன். பெரியவள் மணலுக்கு வெளியே கிடந்தாள். துளைகள் நிதானமாகத்தான் இருந்தன, சிறகு மட்டும் அலை அலையாக நடுங்கியது. நான் போட்ட கூப்பாட்டில் சாரும் முத்துலட்சுமியும் ஓடி வந்தார்கள். பெரியவள் உடம்பை ஒரு தரம் வில்லாக வளைத்தாள். வாலடியிலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. விரல் நீளத்தில், சுருட்டி வைத்த இலைபோல, அசையாமல் கிடந்தது.

"எங்க பீடி கணக்கால்லா சுத்திக் கெடக்கு" என்றாள் முத்துலட்சுமி. மாலையில் வீட்டில் பீடி சுற்றுகிறவள், அவள் கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்?

அது அசையவில்லை. நாங்கள் மூன்று பேரும் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். செத்தே பிறந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது சுருளின் ஒரு ஓரம் பிரிந்தது. மறு ஓரமும் பிரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிறகு விரித்து, நீலப் புள்ளி முதற்கொண்டு அச்சு அசல் தாயைப்போல ஒரு திருக்கை எழுந்து நீந்தியது. சும்மா நீந்தவில்லை, நேரே தரைக்குப் போய்ச் சின்னஞ்சிறு சிறகை அடித்து மணலைப் போர்த்திக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை! நான் முத்துலட்சுமியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அடுத்து இன்னொன்று பிறந்தது, அப்புறம் இன்னொன்று. மூன்றும் உயிர். ஆண் திருக்கை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, அதற்கும் குட்டிகளுக்கும் நடுவே வலை கட்டித் தனியிடம் செய்தேன்.

கமிட்டிக்கு உடனே போன் போடுங்கள் என்றேன். சார் அசையவில்லை. தின்னட்டும், பிறகு சொல்வோம் என்றார். அவர் சொன்னது சரிதான். பிறந்த குட்டிக்குச் சில நாள் உள்ளே இருக்கும் சத்தே போதும், அது தீர்ந்ததும் தானாக இரை எடுக்க வேண்டும். எடுக்காத குட்டி பிழைக்காது. இறாலை ஊசி நூல் கனத்துக்கு நறுக்கி நறுக்கி வைத்தேன். சீண்டவில்லை. பிறகும் வைத்தேன். நகர்ந்து போயின. எங்களிடமிருந்து சேதி எதுவும் வராததால், கமிட்டியில் ஒருவர் பேய் வீட்டுக்கு அளவெடுக்க ஆளை அனுப்பிவிட்டார். அவன் நாடாவைப் பிடித்துக்கொண்டு என் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போதுதான் நான் தொட்டியில் குனிந்து இறால் நறுக்கை வைத்தேன்.

முதலில் பிறந்தது மணலோடு ஊர்ந்து வந்தது. நறுக்கின் மேல் ஏறி நின்றது. கண்கள் மேலே என்னைப் பார்க்கின்றன, வாய் கீழே எதையோ தேடுகிறது. உடம்பு இரண்டு தரம் குலுங்கியது. அது நகர்ந்தபோது நறுக்கு அங்கே இல்லை. பின்னாலேயே மற்ற இரண்டும் வந்தன. நான் இடுக்கியைப் போட்டுவிட்டுச் சாரிடம் ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் கமிட்டித் தலைவர் குரல் கேட்டது. சார் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு தாயி" என்றார்.

"ஐயா, அளவெடுக்க வந்த தம்பியத் திரும்பிப் போகச் சொல்லுங்க. டேங்கர நிறுத்த முடியாது" என்றேன். "கடலையே பாக்காத திருக்கை மூணு இங்கன இருக்கு. இன்னைக்கு இரையும் எடுத்துட்டு. அதுகளுக்குச் சொந்த ஊரு குத்தாலந்தான், வேற எங்க போவும்?"